டம்ளர் அக்காவுக்கு இருபது பேர்

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு டம்ளர் அக்கா என்று பெயர். பெயர் வைத்தவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். முப்பத்தாறு வயதில், இருந்த வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள் அவள். ரோபோ கை ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து நீட்ட வேண்டும். எதிராளி சரியாகப் பிடித்த பிறகே விட வேண்டும். இதுதான் ஆராய்ச்சி. கேட்பவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே படாது.

நான்கு வருடம் அது நீட்ட நீட்ட, அவள் வாங்கினாள். ஜன்னலில்லாத அந்த அறையில் வாங்க வேறு யார் இருந்தார்கள்? சில நாள் அவள் வாயைத் திறப்பதே கேன்டீனில், "ஒரு சாப்பாடு" என்று சொல்லத்தான். கடைசியில் ஆயிரம் தடவைக்கு ஒரு தடவைகூட டம்ளர் விழவில்லை.

வழிகாட்டிப் பேராசிரியை தாள்களைப் புரட்டினார். "எல்லாம் ஒரே ஆளோட கையா?"

"ஆமா மேடம்."

"இத வெச்சு என்னம்மா பண்றது? இருபது பேராவது வேணும். தெரிஞ்சவங்களக் கூப்பிடு."

தெரிந்தவர்களை எண்ணிப் பார்த்தாள். ஒரு கை விரலே போதுமாக இருந்தது.

பலகையில் அறிவிப்பு ஒட்டினாள். பத்து நாளாகியும் ஒரு ஈ காக்காகூட வரவில்லை. கேன்டீன் வாசலில் போய் நின்றவள், முதல் நாள் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு திரும்பினாள். மறுநாள், வேலை முடிந்து கிளம்பிய காவலாளியிடம் கேட்டேவிட்டாள்.

அவர் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு அறைக்குள் ரோபோ முன்னால் வந்து நின்றார். ரோபோ நீட்டியது. அவர் விரல் பட்டதுமே விட்டுவிட்டது. சட்டையெல்லாம் தண்ணீர்.

"நான்தான் சரியாப் பிடிக்கலையாம்மா?"

"இல்லண்ணே. இது இதுவரைக்கும் என்கிட்ட மட்டும்தான் குடுத்திருக்கு."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. டம்ளர் எந்த நொடியில் நழுவும் என்று அவள் கைக்குத் தெரியும், முந்திக்கொண்டு இறுக்கிவிடும். நான்கு வருடமாகக் கற்றுக்கொண்டிருந்தது அவள் கைதான். கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மறுநாள் புரோகிராமை முதலிலிருந்து எழுத உட்கார்ந்தாள்.

இருபது பேரைச் சேர்க்க ஐந்து மாதம் பிடித்தது. வந்தார்கள், வாங்கினார்கள், "அவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். தையற்கடை அம்மா ஒருவர் மட்டும் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்தார்.

"நாள் பூரா இங்க தனியாவா இருக்கே?"

அவள் காலி டம்ளரை வாங்கி வைத்தாள். "பழகிடுச்சும்மா."

இன்னும் ஒன்றரை வருடம் கழித்து வாய்மொழித் தேர்வில் தேறினாள். கைகுலுக்கிவிட்டு எல்லாரும் கிளம்பிய பின் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"முடிஞ்சிருச்சுப்பா. அடுத்த மாசம் வந்துடுவேன்."

"ரொம்ப சந்தோஷம்மா." அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்ப அந்த மெஷின இனிமே யாரு பாத்துக்குவா?"

"தெரியலப்பா" என்றாள். போனை வைத்துவிட்டு, சாமான்களைக் கட்ட அட்டைப்பெட்டி தேடிப் போனாள்.