கடைசி வரியில் இருந்த எலி

பத்திரிகை அலுவலகத்தில் அவரை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். மருத்துவக் கல்லூரிப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காதவர். பத்தொன்பது வருடமாக ஆரோக்கியப் பக்கம் அவர் கையில். ஒரு ஆராய்ச்சியையாவது முழுசாகப் படித்திருப்பாரா என்றால், கிடையாது. பல்கலைக்கழகம் அனுப்பும் குறிப்பில் முதல் பக்கத்தைப் பார்ப்பார், காரசாரமாகத் தலைப்பு வைப்பார், டீ குடிக்கப் போய்விடுவார். “விஞ்ஞானி சொல்றாரு, அதைச் சரிபார்க்க நான் யாரு?” என்பார். அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். சுத்தச் சோம்பேறித்தனம்.

‘பிரஷர் மாத்திரைக்கு விடைகொடுத்தது தர்பூசணி விதை’ அவர் வைத்த தலைப்புதான். சோதனை நடந்தது பதினான்கு எலிகளை வைத்து. நடுவில் செத்துப்போன மூன்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அது இரண்டாம் பக்கத்தில் இருந்தது, அவர் புரட்டவில்லை. எலி என்பதை மட்டும் போனால் போகிறதென்று கடைசி வரியில் போட்டிருந்தார். பக்கம் முடியும் நேரத்தில் ஒரு டயர் விளம்பரம் வந்தது. விளம்பரம் வந்தால் செய்தியை வாலிலிருந்து வெட்டுவது அங்கே வழக்கம். புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதே டாக்டர்தான். எலி போயிற்று. மறுநாள் சாயங்காலத்துக்குள் நாலு சேனல்கள் அதை அப்படியே வாந்தி எடுத்தன. ஒருவனாவது பல்கலைக்கழகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டானா? மூச்.

இரண்டு வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனார். தையல் மெஷின் மிதித்து அவரைப் படிக்க வைத்தவள். தம்பியின் செய்திகளை வெட்டி நோட்டில் ஒட்டி வைப்பவள். அடுப்பில் விதை வறுபட்டுக்கொண்டிருந்தது. மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடந்தது. தலைவலி என்றாள். பிரஷர் பார்க்கும் கருவியைக் கையில் கட்டிப் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு.

“அக்கா, மாத்திரையப் போடு. அது எலிக்குப் பண்ணின ஆராய்ச்சி.”

அவள் நோட்டைத் திறந்து விரல் வைத்துப் படித்தாள். “எலின்னு எங்கடா இருக்கு?”

“கடைசி வரி. இடமில்லன்னு நான்தான் வெட்டினேன்.”

“நாலு சேனல்ல சொன்னாங்களே, அவங்களும் வெட்டினாங்களா?”

“எங்களைப் பாத்துதான் சொன்னாங்க.”

அக்கா சிரித்துவிட்டாள். “ஊரே உன்னைக் கேட்டுத்தான் பேசுதாக்கும்! நீ சொல்றது நிஜம்னா பேப்பர்ல போடு. அன்னிக்கே மாத்திரை போடறேன்.”

கெஞ்சினார், கத்தினார். அவள் அசையவில்லை. வாயால் சொன்ன தம்பியைவிட அச்சில் வந்த தம்பியைத்தான் அவள் நம்பினாள்.

ஆசிரியரிடம் ஓடினார். “எல்லாரும் போட்டிருக்கான். நாம மட்டும் தப்புன்னு சொல்லி அசிங்கப்படணுமா?” என்றார் ஆசிரியர். டாக்டர் வாழ்நாளில் முதல்முறையாக மேஜையைத் தட்டினார். வேண்டாவெறுப்பாக இரண்டு வரி கிடைத்தது, பக்கத்தின் அடியில். சாதித்துவிட்ட நிம்மதியில் அன்று பக்கம் முடியும்வரை இருக்காமல் வீட்டுக்குப் போனார்.

காலையில் அக்காவின் ஃபோன்தான் அவரை எழுப்பியது.

“பேப்பர் பாத்தேன்டா. தப்புன்னு எங்கயும் போடல. அடியில பெரிசா விளம்பரம்தான் இருக்கு, தர்பூசணி விதைப் பொடி. நீ வச்ச தலைப்பையே போட்டிருக்கான். ரெண்டு டப்பா...”

அதற்குமேல் அவள் நாக்கு குழறியது.

“அக்கா, என்ன சொன்ன?”

அவள் மறுபடி சொன்னாள். அதுவும் அவருக்குப் புரியவில்லை.