நான் நல்லதென்று சொன்ன பூட்டு

'யாராலும் உடைக்க முடியாது' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பது மெய்யா பொய்யா என்று சொல்வது, நாமக்கல்லில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் எனக்குச் சம்பளமில்லாத உத்தியோகம். வாங்கும் முன் கேட்காமல், வாங்கிவிட்டு வந்து கேட்கும் வாடிக்கையாளர்களைப் பெற்ற சக கடைக்காரர்களே, உங்களுக்குத்தான் இது புரியும்.

ராணுவத் தரம்

குமாரபாளையத்துத் தறிக்காரர் ஒருவர், சேலை டிசைன்களை 'ராணுவத் தர என்கிரிப்ஷன்' பூட்டுப் போட்டதாகச் சொல்லி விற்ற பென் டிரைவில் வைத்திருந்தார். பாஸ்வேர்ட் போடாமலே ஒரு நிமிஷத்தில் திறந்துவிட்டேன். ஃபைல்களைப் பூட்டவே இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மனிதர் முகம் வாடிவிட்டது. "அப்ப என்ற டிசைனு எனக்கு முன்னாடி மார்க்கெட்டுக்குப் போனது இப்படித்தானுங்களா? நான் மச்சினன் மேல சந்தேகப்பட்டுப் பேச்சையே நிறுத்திப் போட்டனுங்களே."

கம்பெனியின் உதவி

'உங்களைத் தவிர யாராலும் படிக்க முடியாது' என்ற மொபைல் ஆப்பில் முட்டை வியாபாரி ஒருவர் வீட்டுப் பத்திரங்களை ஏற்றியிருந்தார். பாஸ்வேர்ட் மறந்துபோய்க் கேட்டதும், கம்பெனிக்காரர்கள் அதே பழைய பாஸ்வேர்டை அனுப்பிவைத்தார்களாம். அவர்களிடம் சாவி இல்லாமல் எப்படி அனுப்பினார்கள் என்று கேட்டேன். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "நல்ல மனுசங்கன்னு நெனச்சு நன்றி வேற சொன்னனுங்க."

உண்மையான பூட்டு

ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்கைத்தான் 'நம்பி வாங்கலாம்' என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு நாள் சோதித்தேன். பாஸ்வேர்ட் தொலைந்தால் செய்த கம்பெனியாலும் திறக்க முடியாது. நர்சிங் படித்த ஒரு பெண் அதை என் கடையிலேயே வாங்கிப்போனாள்.

போன மாதம் அவள் அப்பா அதைக் கொண்டுவந்தார். லாரி பாடி பட்டறையில் வெல்டர். மகள் பைபாஸில் விபத்தில் போய்விட்டாள், போனும் நொறுங்கிவிட்டது. அவள் படங்களும் பாடிவைத்த பாட்டுகளும் இதில்தான் இருக்கின்றன. பிறந்த தேதி, குலதெய்வத்தின் பேர், வளர்த்த ஆட்டின் பேர் என்று எல்லாம் போட்டுப் பார்த்திருக்கிறார்.

திறக்காது என்று தெரிந்தும் மூன்று கம்ப்யூட்டரில் மாற்றி மாற்றிச் செருகினேன். இந்தப் பெட்டியும் பொய் சொல்லியிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். முடியாது என்று சொன்னபோது அவர் எழுந்திருக்கவில்லை. "ஊர்ல எல்லாரு பூட்டையும் பொய்யின்னு சொல்லுவீங்களாமா. என்ற புள்ளையோடதையும் பொய்யின்னு சொல்லிருங்க, சாமி."

இத்தனை வருஷத்தில் விளம்பரம் சொன்னபடியே நடந்துகொண்ட சரக்கு அது ஒன்றுதான், அதை விற்றதற்குத்தான் எனக்கு இன்னும் தூக்கம் வரவில்லை.