முந்நூறு ஓம், ஒரு காதுகுத்து

விராலிமலையில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். இருபத்தைந்து வருடமாகக் குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நின்று பிழைக்கிறவனுக்கு எது போனாலும் காது போகக் கூடாது. குழாய்ச் சத்தம் திரும்ப மைக்கில் புகுந்து கீச்சென்று கூவுவதற்கு முன்பே, அது கூவப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். ஊரில் எனக்கு இருக்கிற மரியாதை முழுவதும் அந்தக் காதில்தான் இருக்கிறது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு ஹெட்போன் அனுப்பியிருந்தாள். பாட்டுப் பதிவு செய்கிற இடங்களில் வைத்திருப்பார்களாம். கூடவே ஒயர் நுனியில் மாட்டுகிற தடித்த பின் ஒன்றும் இருந்தது. போன் ஓட்டையில் நுழையாத இந்தப் பின் எதற்கு என்று அதை அட்டைப்பெட்டிக்குள்ளேயே எறிந்துவிட்டு, ஒயரைப் போனில் சொருகி ஒரு நாகசுரத்தைப் போட்டேன்.

கொசு.

சத்தத்தைக் கடைசி வரை ஏற்றினேன். கொஞ்சம் பெரிய கொசு.

எனக்குப் பயம் வந்தால் அது கோபத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வரும். 'இன்னுங் கொஞ்சம் ஏத்துங்கண்ணே' என்று இத்தனை வருடமாக என் காதைத் தின்ற கல்யாண வீட்டுக்காரர்கள் அத்தனை பேரையும் நடுவீட்டில் நின்று திட்டினேன். மலையில் மயில் கத்தியது கேட்கத்தான் செய்தது. மயில் கத்தினால் செவிடனுக்கும் கேட்கும் என்று அதையும் திட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை அடுத்த தெருவில் ஒரு காதுகுத்துக்குச் செட் சொல்லியிருந்தார்கள். காது கேட்காதவன் காதுகுத்துக்குப் போய் மானம் கெட வேண்டாமென்று பிள்ளையின் தாத்தாவுக்குப் போன் போட்டேன்.

"ஐயா, எனக்குக் காது போச்சு. வேற செட்டு பாத்துக்கங்க."

"என்னப்பா சொல்ற?"

"அதான் சொல்றேன்ல, காது கேக்கலன்னு!"

அவர் கேட்டதற்கு நான் பதில் சொன்னதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

போனை வைத்தபோது, அடுப்படியில் மிக்சி ஓடிக்கொண்டிருக்க, மனைவி வாய்க்குள்ளேயே முனகினாள்: "இந்த மனுசனுக்குக் காது போயி என்ன, வாய் போயிருந்தா வீட்டுக்கு நல்லது."

"யாருக்குடி வாய் போகணும்?" என்று வாசலிலிருந்து பாய்ந்தேன்.

மிக்சி நின்றது. "அது கேட்டுச்சா ஒங்களுக்கு?"

கேட்டிருக்கிறது. மிக்சியைத் தாண்டி, இரண்டு சுவரைத் தாண்டி, ஒரு எழுத்து விடாமல்.

அப்புறம்தான் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முந்நூறு ஓம் என்று போட்டிருந்தது, கரண்டைத் தடுக்கிற அளவு அது. என் குழாய்க்குள் இருக்கிற யூனிட் பதினாறு ஓம். ஓம் குறைந்தால் ஆம்ப்ளிஃபயர் எரியும், ஓம் கூடினால் சத்தம் செத்துப்போகும். செட்டைத் தொட வருகிற எவனிடமும் நான் முதலில் கத்துவது, 'ஓம் பாத்து மாட்டுடா!' என்பதுதான். அப்படிப்பட்ட நான் முந்நூறு ஓமைக் கொண்டுபோய்ப் போனில் மாட்டியிருக்கிறேன். ஆட்டுக்குட்டியை லாரியில் கட்டி இழு என்றால் அது என்ன செய்யும்?

என் மைக் செட் மிக்சரின் மூலையில் ஹெட்போனுக்கென்றே ஒரு ஓட்டை உண்டு. முந்நூறு ஓமைத் தள்ளுகிற தெம்பும் அதற்கு உண்டு. தூக்கி எறிந்த தடித்த பின்னைத் தேடி எடுத்துச் சொருகினேன். அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. நாகசுரக்காரர் மூச்சை இழுப்பது வரை கேட்டது. கேட்கக் கேட்க என் மேலேயே எரிச்சல் ஏறியது.

தாத்தாவை மறுபடி கூப்பிட்டேன்.

"தம்பீ! வேற! செட்டு! சொல்லியாச்சு!" என்று கத்தினார்.

"கத்தாதீங்கய்யா, காது நல்லாத்தான் இருக்கு. ஹெட்போன்ல ஓம் கூட. போனுக்குப் பவரு பத்தல, அவ்வளவுதான்."

"காலையில செவிடுங்குற, மத்தியானம் ஓமுங்குற. யாருக்குப்பா காது குத்துற? எம் பேரனுக்குக் குத்துனாப் போதும்!"

ஞாயிற்றுக்கிழமை காலை, எனக்குப் பதிலாக வந்தவனின் செட் அடுத்த தெருவில் பேசத் தொடங்கியது. மைக்கைக் குழாய்க்கு நேராக நிறுத்தியிருக்கிறான், மடையன். வீட்டில் உட்கார்ந்தபடியே தெரிந்தது எனக்கு. 'கூவப் போகுது, கூவப் போகுது' என்று பல்லைக் கடித்தேன். கூவியது. தெரு நாய்கள் எல்லாம் ஓடின.

"கேக்குதாங்க?" என்றாள் மனைவி, ரொம்ப அக்கறையாக.

ஹெட்போனை எடுத்துக் காதை மூடினேன். கூவல் கொஞ்சமும் குறையவில்லை. இந்த ஹெட்போனுக்கு வெளிப்பக்கம் வெறும் வலைதான், ஊர்ச் சத்தமெல்லாம் அப்படியே உள்ளே வரும். அதையும் கம்பெனிக்காரன் அட்டைப்பெட்டி மேலேயே அச்சடித்திருந்தான்.