இரண்டு நடைக்கு நாலு பிள்ளை

அந்த வீட்டு உத்திரத்தில் நாலு இரும்பு வளையங்கள் உண்டு. வளையத்துக்கு ஒரு தூளி. தூளி கட்டும் சேலை அந்தந்தப் பிள்ளையின் தாய் உடுத்திக் களைந்ததாக இருக்க வேண்டும், துவைத்திருக்கவும் கூடாது. தாய் வாசம் இல்லாமல் எந்தப் பிள்ளையும் தூங்காது என்பார் அத்தை. சுத்தக்காரியான என் அம்மா ஒருமுறை சோப்புப் போட்டு வெளுத்துக் கொடுத்தனுப்பியதில், என் தம்பி நாள் முழுக்கக் கத்தித் தெருவையே கூட்டிவிட்டான். மூன்று வளையங்களில் காலை முதல் மாலை வரை ஒரே சேலைதான். நான்காவதில் மட்டும் நண்பகலில் சேலை மாறும். தம்பியின் ஊதாச் சேலையை அவிழ்த்து மடித்துவிட்டு, பூக்காரம்மா மகளுக்காக ஒரு பச்சைச் சேலையைக் கட்டுவார்.

அத்தை எங்களுக்கு உறவில்லை. கீரனூரில் எங்கள் தெருக்கோடியில் ஒரு கூரை வீட்டில் இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொள்வார். ஆஸ்பத்திரி ஆயாவின் மகனும், நெல் மில்லுக்குப் போகும் அக்கா தங்கை இருவரின் கைக்குழந்தைகளும் முழுநாள் பிள்ளைகள். என் அம்மா பள்ளிக்கூடத்தில் காலையில் மட்டும் தையல் டீச்சர். அதனால் தம்பி காலைப் பிள்ளை. திருச்சியிலிருந்து மதிய பஸ்ஸில் வரும் பூவைக் கட்டி விற்பவர் பூக்காரம்மா. அவர் மகள் மாலைப் பிள்ளை. இவர்கள் தவிர நடக்கத் தெரிந்த ஐந்தாறு வாண்டுகள். எட்டு வயதான நான் பள்ளி விட்டதும் அங்கே போய் ஒட்டிக்கொள்வேன்.

நடக்காத பிள்ளை ஒரே நேரத்தில் நாலுக்கு மேல் கூடாது என்பது அத்தையின் சட்டம். காரணத்தை அவரே சொல்வார்: "கூரையில தீப்பிடிச்சா ஒரு நடைக்கு இடுப்புக்கு ஒண்ணா ரெண்டு புள்ளையத் தூக்கலாம். ரெண்டாம் நடையில இன்னும் ரெண்டு. மூணாம் நடைக்குக் கூரை நிக்காது." சொன்னதோடு விடமாட்டார். தினமும் ஒரு முறை பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டுவார். நடக்கிற பிள்ளைகள் எல்லாம் எதிர்ப்பக்க வேப்பமரத்துக்கு ஓட வேண்டும். அவர் இரண்டு பிள்ளைகளை இடுக்கிக்கொண்டு மரத்தடிக்கு வருவார், பெரிய பிள்ளைகளிடம் விட்டுவிட்டுத் திரும்ப ஓடுவார், மற்ற இரண்டையும் கொண்டு வருவார். தெருவே சிரிக்கும். நானும் அதை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த ஆண்டு அப்பாவுக்கு நெஞ்சு நோய் முற்றியது. திருச்சிக்குப் பஸ்ஸில் போய் வரும் வேலையை விட்டே ஆக வேண்டும், கைக்குழந்தையைத் தூக்கவும் கூடாது என்றார் டாக்டர். தெய்வம் கண் திறந்தது போல அதே வாரத்தில் அம்மாவுக்கு முழுநாள் வேலைக்கு ஆர்டர் வந்தது. அடுத்த திங்கட்கிழமை சேர வேண்டும். தம்பி இனி மாலை வரை தூளியில் இருந்தாக வேண்டும். ஆனால் மாலையில் அந்த வளையம் பூக்காரம்மா மகளுடையது.

"நாங்க முழுநாளா வாரோம். பூக்காரி அரைநாள்தானே? அந்த எடத்தை எங்களுக்குத் தரக் கூடாதா?" என்று கேட்டார் அம்மா.

"அரைநாள் புள்ளைக்கும் முழு உசுருதான டீச்சர்" என்றார் அத்தை.

அம்மா அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தார். எனக்கு அத்தை மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மிச்சம் இருந்த ஒரே வழி, தம்பியை நடக்க வைப்பது. நடந்துவிட்டால் அவன் நாலு பேர் கணக்கில் வரமாட்டான். பதின்மூன்று மாதக் குண்டுப் பயல். நடைவண்டி கொடுத்தோம், வெல்லக்கட்டியைக் காட்டினோம். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை நீட்டி வெல்லத்தைக் கேட்டான். "புள்ளை காலு ஒங்க ஆர்டரப் பாத்து நடக்காது டீச்சர்" என்றார் அத்தை. அதில் கேலி இல்லை. அவர் முகமும் வாடித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு வர முடியாது என்று எழுதிக் கொடுக்கப் போவதைச் சொல்ல அம்மா அத்தை வீட்டுக்குப் போனார். நானும் போனேன். அங்கே மகளோடு பூக்காரம்மா நின்றிருந்தார். "டீச்சர் வீட்டுக்காரருக்கு முடியலையாமே. என் புள்ளையக் கூடைக்குப் பக்கத்துலயே போட்டுக்கிறேன். எடத்தை அவுகளுக்கே குடுத்துருங்க" என்றார். மகளைத் தரையில் உட்கார வைத்துவிட்டு, மடித்து வைத்திருந்த பச்சைச் சேலையை எடுத்துத் தோளில் போட்டார். கூடை வாசலில் இருந்தது. அதை எதிர்ப்பக்க மரத்தடியில் கட்டி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கலாம் என்று வெளியே போனார்.

தரையில் இருந்த அந்த ஒல்லிக் குழந்தை எழுந்தாள். சேலையைப் பார்த்தபடியே ஓர் அடி வைத்தாள். அம்மா பதறிக் கை நீட்ட, "யாரும் தொடாதீங்க!" என்றார் அத்தை. குழந்தை வாசற்படியை உட்கார்ந்து தாண்டி, மறுபடி எழுந்தாள். விவரம் தெரியாத பூக்காரம்மா வேப்பமரத்து நிழலில் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தார். தெருவில் இரண்டு முறை விழுந்து, இரண்டு முறையும் எழுந்து, மரத்தடிக்குப் போய்ச் சேலையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை நாளும் எங்கள் வீட்டுப் பையனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளை ஒருவரும் பார்க்கவில்லை.

அத்தை அதை மட்டும் நம்பிவிடவில்லை. தாம்பாளத்தைத் தட்டித் தட்டி, மூன்று முறை அவளை மரம் வரை வரவைத்தார். பிறகுதான் சொன்னார்: "இனி இவ நடக்கிற புள்ளை. ஒங்க எடமும் போகலை தாயி. டீச்சர், நாளையிலிருந்து தம்பி சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டும்." அம்மா பூக்காரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை. அன்றுதான் அந்தத் தாம்பாளச் சத்தம் விளையாட்டில்லை என்று எனக்கு உறைத்தது.

அந்த வீடு கடைசிவரை தீப்பிடிக்கவே இல்லை. வராத தீக்காக ஒருத்தி தினமும் இரண்டு நடை ஓடினாள்.

சென்ற மாதம் தம்பி தன் கடைசிப் பேத்தியைச் சேர்க்க, திருச்சியில் ஒரு குழந்தைகள் காப்பகத்துக்கு என்னையும் அழைத்துப் போனான். ஏசி, கேமரா, சுவரெல்லாம் யானைப் படம். என் கண் தானாக மேலே போனது. வளையம் ஏதும் இல்லை. பிறகு எண்ணினேன். நடக்காத பிள்ளைகள் எட்டு. பார்க்கிறவர்கள் இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு நடை, எட்டுப் பிள்ளை. சரியாக இருந்தது. எங்கள் பிள்ளை ஒன்பதாவது.

தம்பியைப் பார்த்தேன். அவனும் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தான். மேஜையில் இருந்த பெண் நீட்டிய விண்ணப்பப் படிவத்தை அவன் வாங்கவில்லை.

"இவ நடக்கட்டும்மா. அப்பறம் கொண்டு வாரோம்" என்றான்.