கிடங்கு என்றுதான் எழுதுவேன்

ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். மலாய் நாட்டில், துறைமுகத்தை ஒட்டிய ஜெலுத்தோங்கில் இன்று எனக்கு மூன்று கிடங்குகள். மூன்றாவதைக் கட்டி முடித்தபோது பெயர்ப்பலகை பற்றி வீட்டில் தகராறு வந்தது.

பலகையில் மலாய் பெரிதாக, மேலே இருக்க வேண்டும். அது மாநகர் மன்றத்து விதி. 'குடாங்' என்று போட்டாயிற்று. அதன் கீழே ஒரு வரிக்குத்தான் இடம். 'கிடங்கு' என்று போடச் சொன்னேன். என் மகளின் மாமனார், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர், ஒப்பவில்லை.

"வேர்ஹவுஸ்னு போடுங்க சம்பந்தி. பெரிய கம்பெனிக்காரன் வர்ற இடம் லா."

"நம்ம ஊர்ல எல்லாரும் கோடவுன்னுதானே சொல்றாங்க? அந்த இங்கிலீஷ் வார்த்தையே நம்ம கிடங்குல இருந்து போனதுதான்."

அவர் சிரித்த சிரிப்பில் காப்பி சிந்தியது. "மூட்டை தூக்கின இடத்துல இங்கிலீஷும் படிச்சீங்களா?"

ஆமாம், அங்கேதான் படித்தேன். துறைமுகத்தில் ஒரே கட்டடத்தை கணக்கெழுதும் மலாய்க் கிராணி குடாங் என்பார், துரை கோடவுன் என்பார், வெங்காய மூட்டை சுமந்த நாங்கள் கிடங்கு என்போம். மூன்றும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று கண்டுகொள்ளப் பட்டமா வேண்டும்?

"உங்க அகராதியைப் பாருங்க. நான் சொன்னது தப்புன்னா உங்க இஷ்டப்படியே போடறேன்," என்றேன்.

மகள் பதறினாள். "அப்பா, வேணாம்பா. மானம் போயிடும்."

சம்பந்தி தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது. புத்தகத்தைப் பாதி மூடினார்.

"என்ன சம்பந்தி, பக்கம் கிழிஞ்சிருக்கா?"

மகள்தான் எட்டிப் பார்த்து வாசித்தாள்: கோடவுன், மலாய் வழியாக வந்தது, மூலம் அநேகமாகத் தமிழோ தெலுங்கோ.

"பாத்தீங்களா, தெலுங்குன்னும் போட்டிருக்கு!" என்று அவர் பிடித்துக்கொண்டார்.

"தெலுங்கு நமக்குப் பக்கத்து வீடு. லண்டன் இல்லையே!"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். பலகைக்காரருக்குப் போன் போட்டு, "கிடங்கு. கி, ட, ங், கு," என்று எழுத்தெழுத்தாகச் சொன்னவரும் அவரே.

போனை வாங்கி நான் ஒன்று மட்டும் சேர்த்தேன்: "தம்பி, மலாய் எழுத்துதான் பெருசா இருக்கணும், தெரியும். அதுக்கு அரை இஞ்சு மட்டும் குறைச்சு, தமிழை அவ்வளவு பெருசா போடு."