சிரிக்கிற தலையையே போடுண்ணா

எனக்கு ரெண்டு தம்பிங்க. பெரியவன் அமுக்குணி, சின்னவன் ஓட்டைவாய். அம்மா அப்பா போனதுக்கப்புறம் ரெண்டு பேரையும் கட்டி மேய்ச்சது நான்தான். அதனால இவங்களப் பத்தி எப்படி வேணா பேச எனக்கு உரிமை உண்டு, யாரும் குறுக்க வர வேண்டாம்.

பெரியவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. முன்னாடி நின்னு பல்லைக் காட்டி விக்கிற வேலை இல்ல. பின்னாடி, ஜன்னல் இல்லாத அறையில, லென்ஸைத் தேய்ச்சு ஃபிரேமுக்குள்ள உக்கார வைக்கிற வேலை. அவனுக்குன்னே செஞ்சு வெச்ச வேலைதான் அது. மயிரிழை பிசகினா போட்டுக்கறவங்களுக்குத் தலை சுத்தும்னு சொல்வான். அதைத் தவிர வேலையைப் பத்தி ஒரு வார்த்தை வராது. கல்யாணப் பேச்சை எடுத்தா தட்டைக் கழுவி வெச்சுட்டு தன் அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்குவான்.

அந்த அறையில அவன் சினிமா எடுத்தான். நிஜ மனுசங்களை வெச்சு இல்ல. பிள்ளைங்க ஒண்ணோட ஒண்ணு சொருகி வீடு கட்டுமே, அந்த பிளாஸ்டிக் கட்டைங்களை வெச்சு. மேஜை மேல ஆபீஸு, லிஃப்ட்டு, மாடிப்படி எல்லாம் கட்டுவான். விரல் உசரத்துக்கு ஒரு பொம்மையை உள்ள நிறுத்தி ஒரு போட்டோ எடுப்பான். கையை இத்தனூண்டு நகத்தி இன்னொரு போட்டோ. எல்லாத்தையும் சேத்து ஓட்டினா பொம்மை நடக்கும். நடந்து எங்க போகும்? சாவறதுக்குத்தான் போகும். எந்தப் படத்தை எடுத்தாலும் கடைசியில அந்தப் பொம்மை செத்தாகணும்.

ஒரு படத்துல வீடு தீப்பிடிக்கும். தீயணைப்பு வண்டி வரும். வந்தவங்க, நீ உன் காரை இங்க நிறுத்தினதே தப்புன்னு முதல்ல அபராதம் எழுதுவாங்க. பொம்மை எரிஞ்சுக்கிட்டே குனிஞ்சு கையெழுத்துப் போடும். பேனா எரியும். இருங்க, வேற பேனா தரோம்னு தேடுவாங்க. உனக்கு நல்ல புத்தியே வராதாடான்னு கேட்டேன். கேட்டுட்டு சிரிச்சும் தொலைச்சேன்.

அந்தப் பொம்மை மூஞ்சியில சிரிப்பு அச்சடிச்சிருக்கும். முடியைக் கழட்டி தலையைத் திருப்பினா பின்பக்கம் இன்னொரு மூஞ்சி இருக்கும், வாய் கோணி, கண்ணு கலங்கி. பெரியவன் அந்தப் பக்கத்தைத் தொட்டதே இல்ல. கை கழண்டாலும் கால் கழண்டாலும் அது சிரிச்சுக்கிட்டே இருந்தாத்தான் பாக்குறவங்களுக்கு சிரிப்பு வரும்னு சொல்வான்.

சின்னவன் கதை வேற. எந்த வேலையிலயும் நிலைக்கல. ஃபோன்ல புகார் வாங்குற வேலைக்குப் போனான். வாஷிங் மெஷின் ஆடி ஆடி வாசல் வரைக்கும் நடந்து வந்துடுச்சுன்னு ஒரு அம்மா அழுதிருக்காங்க, இவன் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கான். அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கடைசியில பாருங்க, அந்தக் கெட்ட சிரிப்புதான் அவனுக்குச் சோறு போட்டுச்சு. அண்ணன் எடுத்த படத்தைக் கேமரா முன்னாடி உக்காந்து பாப்பான். பாக்கும்போது அவன் மூஞ்சி படுற பாட்டை வீடியோ எடுத்து எல்லாரும் பாக்குற மாதிரி நெட்டுல போடுவான். படத்தை விட்டுட்டு, படம் பாக்குறவனைப் பாக்க அத்தனை ஜனம். இப்படியும் ஒரு பொழப்பான்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். ஆனா அவன் சிரிச்சா பக்கத்து வீட்டுக்காரங்களும் காரணம் தெரியாம சிரிப்பாங்க, அதை நான் மறைக்க முடியாது. எப்பவும் ஒரே நீலச்சட்டைதான் போடுவான். ராசியாம்.

அவங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு. படத்தைச் சின்னவன் முன்கூட்டியே பாக்கக் கூடாது. கேமரா ஓடும்போதுதான் முதல் தடவை பாக்கணும். அவன் அறைக்குள்ள உக்காந்து பாக்க, பெரியவன் சாத்தின கதவுக்கு வெளியே, சுவத்துல சாஞ்சு நிப்பான். சிரிப்பு எங்க வருது, எங்க தேஞ்சு போகுதுன்னு காதால அளப்பான். தம்பி சிரிப்புல எது நிஜம், எது சும்மா வாய்க்கு வந்ததுன்னு அவனுக்கு அப்படித் தெரியும். அந்த நேரத்துல மட்டும் அவன் மூஞ்சியில ஒரு வெளிச்சம் இருக்கும். நான் துணி தைக்கிற மெஷினை நிறுத்திட்டு அதைப் பாப்பேன்.

அப்புறம் பெரியவனுக்கு முதுகுல வலின்னு போனோம். நான்தான் கூடப் போனேன். ஸ்கேன் எடுத்தாங்க, இன்னொரு தடவை எடுத்தாங்க. டாக்டர் எங்களை உக்கார வெச்சு, இனி வலி தெரியாம பாத்துக்கலாம், அவ்வளவுதான்னு சொன்னார். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. இவன் என்னடான்னா டாக்டரோட மூக்குக்கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருந்தான். வெளியே வந்ததும், அவருக்கு எடது கண்ணு லென்ஸ் சரியா உக்காரலக்கான்னு சொல்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த இடத்துலயே அறைஞ்சிருப்பேன்.

பஸ்ஸுல வரும்போது ஒண்ணு மட்டும் கேட்டான். "சின்னவன்கிட்ட நானே சொல்லிக்கறேன்க்கா. நீ வாயைத் திறக்கக் கூடாது." சரின்னேன். வேற என்ன சொல்றது.

சொன்னானா? சொல்லல. சாப்பிடும்போது வாயைத் திறப்பான், சின்னவன் ஏதாவது உளறிச் சிரிப்பான், இவன் வாயை மூடிக்குவான். நான் மேஜைக்கடியில காலால இடிப்பேன். கல்லுளிமங்கன் அசையணுமே. வர வர கட்டையை எடுக்கவே கை நடுங்க ஆரம்பிச்சுது. ஒருநாள் என் தையல் மெஷின்கிட்ட வந்து, தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெள்ளைத் துணி வேணும்னு கேட்டான். எதுக்குன்னு நான் கேக்கல. ஓரம் மடிச்சுத் தெச்சுக் குடுத்தேன். அடுத்த படத்துக்குக் கட்டின பொம்மைக் கட்டிலுக்கு அதான் விரிப்பு.

அந்தப் படத்தை எனக்கு மட்டும் முதல்ல காட்டினான். ஆஸ்பத்திரிக் கட்டில்ல பொம்மை படுத்திருக்கு. இந்தத் தடவை தலையைத் திருப்பி வெச்சிருக்கான், கண்ணு கலங்கின பக்கம். பக்கத்து நாற்காலியில இன்னொரு பொம்மை, சிரிச்ச மூஞ்சி, நீலச்சட்டை. படுத்திருக்கிறது கையைத் தூக்கும், ஏதோ சொல்லப் போற மாதிரி. அப்புறம் இறக்கிடும். மறுபடி தூக்கும், மறுபடி இறக்கும். அவ்வளவுதான் படம். யாரும் சாகல. நான் புடவைத் தலைப்பை வாயில அமுக்கிக்கிட்டேன். இதைப் பாத்தா எந்த மரமண்டைக்கும் புரியும்டான்னு சொன்னேன்.

சின்னவன் நீலச்சட்டையைப் போட்டுக்கிட்டு உள்ள போய் உக்காந்தான். பெரியவன் கதவுகிட்ட நின்னான். நான் அவன் பக்கத்துல நின்னேன். உள்ள ஒரு சத்தமும் இல்ல. புரிஞ்சுடுச்சு போலன்னு நெனச்சேன். கொஞ்ச நேரத்துல கதவு திறந்துது.

"என்னண்ணா இது, ஒண்ணுமே இல்லையே. யாரு அந்த நீலச்சட்டை, சும்மா உக்காந்திருக்கான்? இதைப் போடாத. சிரிக்கிற தலையையே போடுண்ணா, அதான் நல்லாருக்கு."

இதோ, இப்ப சொல்லுடான்னு நான் பெரியவனைப் பாத்தேன். அவன் தரையைப் பாத்துக்கிட்டு, மாத்திடறேன்டான்னு சொன்னான்.

மாத்தினான். பாவி, அவன் கையில இருந்த வித்தை அப்படி. தலையைச் சிரிச்ச பக்கமே திருப்பினான். நீலச்சட்டையைத் தூக்கிட்டு ஒரு டாக்டரை வெச்சான். அந்த டாக்டர், படுத்திருக்கிற பொம்மையோட நெஞ்சைக் கழட்டி உள்ளேருந்து ஒரு கறுப்புக் கட்டையை எடுப்பார். எங்க போடுறதுன்னு தெரியாம முழிப்பார். குப்பைத்தொட்டி நிறைஞ்சிருக்கும். நர்ஸு அதை வாங்கி, ஆடுற கட்டில் காலுக்கு முட்டுக் குடுப்பா. கட்டில் நின்னுடும், எல்லாரும் கை தட்டுவாங்க, பொம்மையும் தட்டும். கடைசியில பொம்மையைக் கட்டை கட்டையாப் பிரிச்சு டப்பாவுல போடுவாங்க. தலை மட்டும் இடிச்சு மூடி சாத்தாது. நர்ஸு மூடி மேல ஏறி உக்காருவா. அந்த இடுக்கு வழியா அது சிரிச்சுக்கிட்டே இருக்கும்.

இந்தத் தடவை சின்னவன் சிரிச்ச சிரிப்பு தெருவுக்கே கேட்டுது. மூச்சு வாங்கிச் சிரிச்சான், நாற்காலியிலிருந்து சரிஞ்சான், அய்யோ அந்த நர்ஸுன்னு கத்தினான். பெரியவன் சுவத்துல சாஞ்சு கேட்டுக்கிட்டு நின்னான். நான் கதவைத் திறக்கப் போனேன், என் கையை இறுக்கிப் பிடிச்சான். அவன் விரல்ல அவ்வளவு பலம் மிச்சம் இருக்கும்னு நான் நெனக்கல.

அந்த வீடியோ மாதிரி அதுவரைக்கும் எதுவும் ஓடினதில்ல. ஊரு உலகமே சிரிச்சுது. இந்தப் பக்கம் பெரியவன் சட்டை தோள்ல நிக்காம தொங்குது. சின்னவன் அதைப் பாத்து, என்னண்ணா, டயட்டா, ஹீரோவாகப் போறியான்னு கேக்குறான். நான் பாத்திரம் தேய்ச்சுக்கிட்டிருந்தேன். எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. சோப்புக் கையோடவே அவனைச் சமையலறைக்குள்ள இழுத்துட்டு வந்து எல்லாத்தையும் கொட்டிட்டேன்.

சிரிச்சான். போக்கா, நீயும் படம் எடுக்க ஆரம்பிச்சுட்டியான்னு சிரிச்சான். அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தான். சிரிப்பு நின்னுடுச்சு, ஆனா வாய் மட்டும் அப்படியே திறந்து கிடந்துது. அதை எப்படி மூடறதுன்னு அவனுக்குத் தெரியல.

சொன்னதுக்கு எனக்கு வருத்தம் இல்ல. யாராவது ஒருத்தர் சொல்லித்தான் ஆகணும். இன்னிக்கும் அதான் சொல்வேன்.

அதுக்கப்புறம் சின்னவன் அண்ணனை விட்டு நகரல. கட்டில் பக்கத்துல நாற்காலியைப் போட்டுக்கிட்டு பழைய படங்களை எல்லாம் ஓட்டுவான். அண்ணனுக்காகச் சிரிப்பான், வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, தொடையைத் தட்டி. கேக்கவே சகிக்காது. எனக்கே அது பொய்யின்னு தெரிஞ்சுதுன்னா, அத்தனை வருசம் கதவுகிட்ட நின்னு கேட்டவனுக்குத் தெரியாதா? பெரியவன் கண்ணை மூடிக்குவான், தூங்குற மாதிரி. நிஜச் சிரிப்பு ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போகணும்னு இருந்திருப்பான். அதை நான்தான் பிடுங்கிட்டேனோ என்னவோ. அதுக்காக அழுதேன், ஆனா சொன்னது தப்புன்னு சொல்ல மாட்டேன்.

சின்னவன் மருந்து வாங்கப் போற நேரமாப் பாத்து பெரியவன் ஃபோனை எடுப்பான். அந்த டப்பாப் படத்துக்குச் சின்னவன் சிரிச்ச வீடியோவைப் போடுவான். படத்தைப் பாக்க மாட்டான், சின்னவன் மூஞ்சியை மட்டும் பாப்பான். முடிஞ்சதும் மறுபடி முதல்லேருந்து. இதைப் போய் எப்படிடா பாக்குற, உன் சாவுக்குல்ல சிரிக்கிறான்னு கேட்டேன்.

"இதுல அவனுக்கு இன்னும் தெரியாதுல்லக்கா"ன்னான்.

நான் திரும்பினா வாசல்ல சின்னவன். கையில மருந்துப் பை. எவ்வளவு நேரமா அந்தச் சுவத்துல சாஞ்சு நின்னானோ. உள்ள வரல. பையை என்கிட்ட நீட்டிட்டு மாடிப்படியில போய் உக்காந்துட்டான்.

அந்த வாரமே பெரியவன் போயிட்டான்.

சின்னவன் இப்ப ஒரு குடோன்ல பெட்டி தூக்குறான். வீடியோ எதுவும் போடறதில்ல. ஏன் சிரிக்க வரமாட்டேங்கிறன்னு ஜனங்க எழுதி எழுதிப் பாத்துட்டு ஓஞ்சு போயிட்டாங்க. வேலை விட்டு வந்தா அண்ணன் அறைக்குள்ள போயிடுவான். ஓடின வீடியோ இல்ல அவன் பாக்குறது. போடாதன்னு இவனே சொன்னானே, அந்த ஒண்ணுமில்லாத படம், அதைத்தான் பாக்குறான். கையைத் தூக்கும், இறக்கும், மறுபடி தூக்கும்.

நான் சாப்பிடக் கூப்பிடப் போனா கதவு சாத்தியிருக்கும். வெளியே நின்னு கேப்பேன். அந்தப் பொம்மை கையைத் தூக்குற இடம் வரும்போதெல்லாம் உள்ளேருந்து, "சொல்லுண்ணா, சொல்லுண்ணா"ன்னு கேட்டுக்கிட்டு இருக்கான்.