தொண்டைக்குள் குழாய் விட ஈரோட்டுக்கு ஒரு நாள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கோவையிலிருந்து ஈரோடு போய் எண்டோஸ்கோபி செய்துகொண்டு வந்தேன். இதையெல்லாம் பயணம் என்று எழுதலாமா என்று தயங்கினேன். ஆனால் நெஞ்செரிச்சல் மாத்திரையை மென்றுகொண்டே ஊர் சுற்றுகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள்.

நான் மில்களுக்கு உதிரி பாகம் விற்பவன். வயது நாற்பத்தொன்பது. சத்தியமங்கலம், ஈரோடு என்று வாரத்தில் ஐந்து நாள் பைக்கிலோ பஸ்ஸிலோ இருப்பேன். மூன்று வருடமாக நெஞ்செரிச்சல். இடுப்பு வலிக்குத் தனி மாத்திரை. எல்லாம் மருந்துக்கடையில் நானே கேட்டு வாங்கியவை. இரண்டு மாதமாக இட்லிகூட நெஞ்சில் நின்றது. தண்ணீர் குடித்தால்தான் இறங்கும். எடை ஆறு கிலோ குறைந்தது. பெரிய வியாதிதான் என்று எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். மனைவி சரோஜாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் போலிருந்தது.

கோவையில் ஆஸ்பத்திரி இல்லையா என்பீர்கள். இங்கே எந்த வராந்தாவில் உட்கார்ந்தாலும் சொந்தக்காரர் ஒருவர் எதிரே வந்து நிற்பார். அதனால்தான் ஈரோடு.

முந்தின இரவு எட்டு மணியோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். உக்கடத்து வீட்டிலிருந்து காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். மில் பார்ட்டி ஒருவரைப் பார்க்க ஈரோடு போவதாகச் சொன்னேன். தோசை வேண்டாம் என்றதும் சரோஜா என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

ஆறரை மணி ரயில். நூறு கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். பெட்டி முழுக்க வடை வாசனை. பசியும் எரிச்சலும் சேர்ந்து வந்தால் உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. ஈரோட்டில் ஆட்டோ நான்கு கிலோமீட்டருக்கு நூற்றிருபது ரூபாய்.

"ஏனுங்க, ஆஸ்பத்திரிக்குத் தனியாவா வந்தீங்க?" என்றார் ஓட்டுநர்.

"சும்மா செக்கப்புங்க."

உள்ளே நர்ஸும் அதையே கேட்டார். "கூட வந்தவங்களைக் கூப்புடுங்கண்ணா, கையெழுத்துப் போடோணும்."

"ஆரும் வரலீங்க."

"மயக்க ஊசி போட்டா தனியா அனுப்ப மாட்டமுங்க. போன்லயே சொன்னமே."

"ஊசி இல்லாமச் செய்யலாமுங்களா?"

"செய்யலாமுங்க. ஆனா கொமட்டும், அசையாமப் படுத்திருக்கோணும். உங்களால ஆகுமுங்களா?"

ஒன்பது மணிக்கு சரோஜாவைக் கூப்பிட்டேன். எந்த ஆஸ்பத்திரி, எந்தத் தெரு என்று மட்டும் கேட்டாள். "வாரேனுங்க. அங்கயே உக்காந்திருங்க."

சிங்காநல்லூரில் பஸ் ஏறி அவள் வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டே முக்கால். அதற்குள் இரண்டு முறை எழுந்து வாசல்வரை போய்த் திரும்பியிருந்தேன்.

"உனக்குத் தெரியாமப் பார்த்துப்போடலாம்னு..." என்று ஆரம்பித்தேன்.

"உங்க சட்டையத் தொவைக்கறது ஆருங்க? மூணு வருசமா பாக்கெட்டுல இருந்து மாத்திரை அட்டையா எடுத்துப் போட்டுட்டு இருக்கறேன். கேட்டா எரிஞ்சு விழுவீங்க. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

குரலில் கோபமில்லை, அலுப்புதான். அதுதான் தாங்க முடியவில்லை.

மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். "உணவுக்குழாய்ல புண்ணு இருக்குதுங்க. கீழ சுருங்கியிருக்கு, அதனாலதான் இட்லி நிக்குது. வயித்துலயும் புண்ணு இருக்குது, அது வலி மாத்திரை செஞ்ச வேலை. பார்வைக்குக் கட்டி இல்லீங்க. எதுக்கும் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கறோம்."

நாலரை மணிக்குத் திரும்பும் பஸ். சரோஜாவும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது பெருந்துறை தாண்டும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் சொல்லவில்லை. பையில் இருந்த பன்னைப் பிரித்து எனக்குப் பாதி நீட்டிவிட்டு மீதியை அவள் தின்ற வேகத்தில் தெரிந்தது.

எட்டு நாள் கழித்து முடிவு வந்தது. புற்று இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கூட ஒருவரைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது, ரத்த வாந்தி இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு காலம் தள்ளாதீர்கள். வலி மாத்திரை சாப்பிடுவதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். எனக்கு எரிச்சல் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடச் சொன்னார்கள். நான் மூன்று வருடம் சாப்பிட்ட பிறகே போட்டு வந்திருக்கிறேன். சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத்தான் படுக்கை. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருக்கிறேன்.

ஏழு மணிக்குள் வீடு வந்து சாப்பிட வேண்டியிருப்பதால் சத்தியமங்கலம் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன். வேலை பாதிதான் நடக்கிறது. எரிச்சல் முழுதாகப் போய்விடவும் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது வருகிறது. வருகிற அன்று சரோஜாவிடம் சொல்லிவிடுகிறேன்.